ஒரு சுளைக்குள் எத்தனை வாசனை!

சித்திரை பிறந்தால் திருவதிகைப் பக்கம் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். பண்ருட்டி மண்டிகளில் குவியும் பலாவின் மணமே கூட்டிப் போய்விடும். மூக்குக்கு அது ஒரே வாசனை. உண்மையில் அது பல ரசாயனங்களின் பெருங்கூட்டம்! அந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாக வெளியே வரவைக்கும் கருவிக்குள் எட்டிப் பார்ப்போமா?

கேஸ் குரோமட்டோகிராஃபி. ஆய்வகத்தில் அதன் செல்லப்பெயர் ‘ஜி.சி.’. பலாச்சுளையைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மேலே தேங்கும் ஆவியில் ஒரு மெல்லிய இழையை நீட்டுவார்கள். வாசனை அதில் ஒட்டிக்கொள்ளும். கருவியின் வாயில், சுமார் 250 டிகிரி சூட்டில் இழை நுழைந்ததும் அத்தனையும் சட்டென்று ஆவி! ஹீலியம் பின்னாலிருந்து தள்ளும்.

இனிதான் வேடிக்கை. கருவியின் அடுப்புக் கதவைத் திறந்தால், சுருட்டி மாட்டிய பழுப்புக் கம்பி போல ஒன்று தெரியும். அது கம்பியே அல்ல, அந்த ஆவி ஓடும் குழாய்! நீளம் பெரும்பாலும் 30 மீட்டர், உள்விட்டமோ கால் மில்லிமீட்டர். உட்சுவரில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சு.

பலாவில் பியூட்டைல் ஐசோவேலரேட், ஐசோபியூட்டைல் ஐசோவேலரேட் என்று இருவர் உண்டு. இருவரிடமும் 9 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். எடையும் ஒன்றே, தராசில் வைத்துப் பிரிக்க வழியில்லை! ஒருவரின் கார்பன் வால் நேராக நீள்கிறது, மற்றவருக்கு அது கிளைக்கிறது, அவ்வளவுதான். அதனால் கொதிநிலை சில டிகிரி விலகுகிறது. குழாய்க்குள் அந்தச் சில டிகிரி போதும்! தேரன்று சன்னதித் தெருவில் ஒன்றாகக் கிளம்பும் அண்ணன் தம்பியில், கடைக்குக் கடை நிற்பவன் பிந்துவான் அல்லவா? நேர்வால்காரரும் பூச்சில் சற்று அதிகம் தங்குகிறார். கிளைவால்காரர் முந்திவிடுகிறார். திரையில் இரண்டு தனித்தனிக் கூர்முனைகள்!

எனக்கு மிகப் பிடித்த ரகசியம் இன்னொன்று. சில ஆய்வகங்களில் குழாயின் கடைசியில் ஒரு மனிதரே மூக்கை வைத்து உட்கார்ந்திருப்பார். வரும் ஒவ்வொன்றையும் முகர்ந்து ‘இது பழம், இது புல்’ என்று குறிப்பார். கருவிகள் கோட்டைவிடும் துளியைக்கூட மூக்கு பிடித்துவிடும் சமயங்கள் உண்டு!

மூக்கை நம்பி ஜி.சி. வரை போன கதை நம் கடலூரிலேயே இருக்கிறது. 2004-ல் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், அடிக்கிற நாற்றத்தையெல்லாம் நேரத்தோடு எழுதிவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, நாற்றம் வந்த கணமே காற்றைப் பிடித்தார்கள். மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் பறந்தன. ‘ஏதோ நாறுது’ என்று அதுவரை ஒதுக்கப்பட்ட பேச்சு, பட்டியலாகத் திரும்பி வந்தது: 22 ரசாயனங்கள், அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.