எஃகு-கான்கிரீட் கூட்டு உத்தர-தூண் இணைப்புகளும் நிலநடுக்கமும்

கூட்டு உத்தரம் என்பது எஃகு உத்தரமும் அதன்மேல் வார்க்கப்பட்ட கான்கிரீட் தளமும் ஒரே உறுப்பாகச் சேர்ந்து சுமை தாங்கும் அமைப்பாகும். உத்தரத்தின் மேல்பட்டையில் தலையுள்ள எஃகு முளைகளைப் பற்றவைத்து, அவை புதையும்படி கான்கிரீட் இடுவர். முளைகள் இல்லையெனில், உத்தரம் வளையும்போது தளம் அதன்மீது வழுக்கும். இரண்டு அட்டைகளைச் சும்மா அடுக்கி வளைத்துப் பார்த்து, பிறகு பசையால் ஒட்டி வளைத்துப் பார்த்தால் மாணவர்களுக்கு வேறுபாடு கையிலேயே தெரியும்.

இந்த உத்தரம் தூணைச் சந்திக்கும் இணைப்பே நிலநடுக்கத்தில் மிகுந்த சோதனைக்கு உள்ளாகிறது. கட்டடம் இடமும் வலமும் ஆடுகையில், இணைப்பின் கீழ்ப்பட்டை ஒரு கணம் இழுக்கப்படும், மறுகணம் அமுக்கப்படும். எஃகு நீளக்கூடியது, ஆகவே முறியாது என்றே பொறியாளர்கள் நம்பியிருந்தனர்.

1994 சனவரி 17 அதிகாலையில் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் ஏற்பட்ட 6.7 அளவு நிலநடுக்கம் அந்த நம்பிக்கையைக் குலைத்தது. எஃகுச் சட்டகக் கட்டடங்கள் இடிந்து விழவில்லை. ஆனால் தீக்காப்புப் பூச்சை அகற்றிப் பார்த்தபோது பல இணைப்புகளில் விரிசல்கள் காணப்பட்டன. பெரும்பாலானவை கீழ்ப்பட்டைப் பற்றவைப்பில் தொடங்கியவை. சரியாக ஓராண்டு கழித்து, சப்பானின் கோபே நிலநடுக்கத்திலும் இத்தகைய முறிவுகள் தோன்றின.

ஏன் கீழ்ப்பட்டை? கட்டுமிடத்தில் அதைப் பற்றவைக்கும்போது உத்தரத்தின் நடுத்தகடு குறுக்கே நிற்கும். பற்றவைப்பவர் நடுவில் நிறுத்தி, மறுபக்கம் சென்று தொடர வேண்டும். குறைகள் அங்கேயே தங்கும். அப்போது பயன்பட்ட பற்றவைப்பு உலோகத்தின் முறிவு எதிர்ப்பும் குறைவு. இவற்றுடன் தளமும் சேர்கிறது. தளம் அமுக்கத்தைத் தாங்குவதால் நடுநிலை அச்சு மேலே நகர்கிறது. அச்சிலிருந்து கீழ்ப்பட்டையின் தொலைவு கூடுவதால், அதே அளவு வளைவுக்கு அது அதிகம் நீள வேண்டியதாகிறது. பக்கவாட்டு விசைக்கான கணக்கில் பெரும்பாலும் வெறும் எஃகு உத்தரமே எடுத்துக்கொள்ளப்பட்டது.

இருப்பினும் தளத்தை மட்டும் குற்றவாளியாக்குவது சரியன்று. மேல்பட்டை பக்கவாட்டில் நெளியாமல் அதுவே பிடித்துக்கொள்கிறது.

2000-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை புதிய வழிகாட்டிகளை வெளியிட்டது. அவற்றுள் இடம்பெற்ற ஒரு முறையில், தூணிலிருந்து சற்றுத் தள்ளி உத்தரப் பட்டைகளின் ஓரங்கள் வளைவாக வெட்டிக் குறுக்கப்படுகின்றன. வடிவத்தை வைத்து இதை ‘நாய் எலும்பு’ என்பர். உத்தரத்தை வேண்டுமென்றே வலுக்குறைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் வளைவு அங்கே நிகழ்வதால் பற்றவைப்பு தப்புகிறது. அந்தப் பகுதியில் முளைகள் பற்றவைக்கப்படுவதில்லை. தளம் தூணை நெருக்காதிருக்க, தூணைச் சுற்றிச் சிறு இடைவெளி விடுவதும் உண்டு.