எஃகு, தக்கை, 8 மில்லிமீட்டர்

கூடுவாஞ்சேரிச் செருப்புக் கடைகளில் 'பென்சில் ஹீல்ஸ்' என்று கேட்டால் எடுத்துத் தரும் காலணிக்கு வயது சுமார் 70. 1950-களில் பாரிஸில் ரோஜே விவியே, இத்தாலியில் சால்வதோரே ஃபெர்ரகாமோ ஆகிய காலணி வடிவமைப்பாளர்கள் கையில் அது உருப்பெற்றது. ஒருவர் பெயரில் மட்டும் எழுதிவிடச் சான்று போதாது. அதன் எலும்பு எஃகு என்பதில் ஐயமில்லை.

தரமான எஃகு கிடைக்காத காலத்தில் பிறந்தது வேறொரு ஹீல். எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக 1935 நவம்பர் 18 முதல் 1936 ஜூலை வரை, ஏறத்தாழ 8 மாதம், இத்தாலி மீது பன்னாட்டுச் சங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்தது. பாத வளைவைத் தாங்கும் எஃகுப் பட்டை தரமாகக் கிடைக்காமல் போகவே, ஃபெர்ரகாமோ அந்த இடைவெளி முழுவதையும் சார்டினியத் தக்கையால் நிரப்பினார். இன்றைய 'வெட்ஜ்' அதுதான். 1 கன செ.மீ. எஃகு 7.85 கிராம், தக்கை சுமார் 0.2 கிராம். ஏறக்குறைய 39-க்கு 1.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழ்: ஹீலுக்கு எஃகு திரும்பியது. மரத்தில் பென்சில் ஹீல் அளவுக்கு மெலிதாகக் கடைந்தால் ஒடியும். பிளாஸ்டிக் ஹீலுக்குள் எஃகுக் கம்பி செருகியதும் ஒடியவில்லை.

மெலிவின் விலை தரையில் தெரியும். எடை 55 கிலோ, நடக்கையில் ஒரு கணம் முழுப் பாரமும் ஒரே குதிகாலில் என்று கொள்வோம். 6 செ.மீ.க்கு 6 செ.மீ. வெட்ஜ் அடியில் சதுர செ.மீ.க்கு 1.5 கிலோ. 10 மி.மீ. விட்ட முனையில் 70 கிலோ. 30 பி.எஸ்.ஐ. காற்றடித்த கார் டயரின் அழுத்தம் 2.1 கிலோதான். விட்டம் 8 மி.மீ. ஆனால் 109 கிலோ: 2 மி.மீ. குறைந்ததற்கு 56 சதவீத உயர்வு.

கலிஃபோர்னியாவின் கார்மல் நகரம் 1963-இல் ஹீலின் மெலிவுக்கு எல்லை வகுத்தது. 2 அங்குலத்துக்கு மேல் உயரமும் 1 சதுர அங்குலத்துக்குக் குறைந்த அடிப்பரப்பும் உள்ள ஹீலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1 சதுர அங்குலம் 6.45 சதுர செ.மீ.; அதே 55 கிலோவுக்கு 8.5 கிலோ. நம் 8 மி.மீ. முனை அதைப் போல் 13 மடங்கு.

காலணியின் மேல்தோல் ஹீலுக்கு முன்பே மாறிவிட்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் தாண்டிப் போகும் மின்ரயில் நிற்கும் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் ஆலை 1912-இல் தொடங்கியது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோம் உப்பில் ஓரிரு நாளில் பதமாகும். அந்த ஆலை தொடங்கி சுமார் 40 ஆண்டு கழித்தே மெல்லிய ஹீல் வந்தது.

இப்போது ஹீலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிறு பிளாஸ்டிக் முனை. அதை இடுக்கியால் பிடுங்கினால் பின்னாலேயே ஓர் ஆணி வரும். எம்-30 கான்கிரீட் சதுர செ.மீ.க்கு 306 கிலோ தாங்கும். 8 மி.மீ. முனையின் 109 கிலோ அதில் 36 சதவீதம்; தரை நொறுங்காது, தேய்வது முனைதான். முழுதும் தேய்ந்து 3 மி.மீ. ஆணி தரையில் பட்டால் கணக்கு 778 கிலோவுக்கு ஏறுகிறது. மரத்தரையில் குழி விழும். வழவழப்பான டைல்ஸில் ஆணி வழுக்கும். ரயிலைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்கு இரண்டாவதுதான் ஆபத்து. ஆணித்தலை தெரியுமுன் முனையை மாற்றிவிட வேண்டும்.