குண்டு பாய்ந்த இடம் சொல்லும் சட்டை

2001 முதல் 2011 வரை ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் நடந்த போர்களில் இறந்த அமெரிக்கப் படையினர் 4,596 பேரின் மரணங்களை ராணுவ மருத்துவர்கள் அலசினார்கள். நூற்றுக்கு 87 பேர் மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே இறந்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைப் பிழைக்க வைத்திருக்கலாம். அந்த நான்கில் ஒருவரிலும் பெரும்பாலோர் செத்தது ரத்தப்போக்கால்.

அடிபட்டது யார், எங்கே என்று உடனே தெரிந்தால்? அமெரிக்கக் கடற்படை இந்தக் கேள்விக்காக, அந்தப் போர்களுக்கு முன்பே, 1996இல் ஜார்ஜியா டெக் கல்விக்கூடத்துக்கு நிதி கொடுத்தது. அங்கே இந்த வேலையை முன்னின்று நடத்திய சுந்தரேசன் ஜெயராமன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். துணியிலேயே பிளாஸ்டிக் ஒளியிழையை நெய்துவிடுவது அவருடைய குழுவின் திட்டம். ஒரு முனையில் விட்ட வெளிச்சம் மறுமுனைக்கு வரவில்லையென்றால் நடுவில் இழை அறுந்திருக்கிறது, அதாவது குண்டு துளைத்திருக்கிறது. எந்த இடத்தில் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். இதயத்துடிப்பையும் மூச்சையும் கவனிக்கும் உணரிகளும் அதே துணியில் சேர்ந்தன.

சிக்கல் கைத்துளையில் வந்தது. சட்டை என்றால் வெட்டித் தைக்க வேண்டும். வெட்டினால் இழை போச்சு. அதனால் கைத்துளையோடு சேர்த்து முழுச் சட்டையையும் தறியிலேயே, வெட்டும் தையலும் இல்லாமல், நெய்து இறக்கினார்கள். மின்னணுச் சாமர்த்தியத்தைவிட இந்த நெசவுச் சாமர்த்தியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் சட்டையில் ஓட்டை விழுந்ததைச் சொல்லும் இழைக்கு, உள்ளே எவ்வளவு ரத்தம் போகிறது என்று தெரியாது. கை கால்களில் பட்ட காயம் அந்தக் கையில்லாச் சட்டையின் எல்லைக்கே வராது. படைச் சீருடையாக அது மாறவில்லை.

அடுத்து வந்தது, ரத்தமே வராத காயத்தைத் தேடும் கருவி. குண்டுவெடிப்பின் அழுத்த அலை மூளையைக் குலுக்கினாலும் வீரர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுந்து நடந்துவிடுவார். 2011 வாக்கில் ஆப்கானிஸ்தான் போன படையினருக்குத் தலைக்குப் பின்னால், தோளில், மார்பில் என மூன்று சிறு உணரிகளைப் பொருத்தினார்கள். அழுத்தத்தின் அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும்.

எதிரியின் கண்ணிவெடியை அளக்கத்தான் அவற்றை மாட்டினார்கள். கூடவே பயிற்சித் திடலில் சொந்தப் பீரங்கியும், தோளில் வைத்துச் சுடும் கார்ல் குஸ்தாஃப் என்ற ஆயுதமும், கதவு தகர்க்கும் வெடியும் கொடுக்கிற அடியையும் அவை பதிந்து வைத்தன. 2016இல், மூளை அதிர்ச்சியைக் கண்டுபிடிக்க இந்தக் கருவிகளை நம்ப முடியவில்லை என்று பென்டகன் அவற்றை ஒதுக்கிவைத்தது. 2024இல் அதே பென்டகன், சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் அழுத்தம் எழுப்பும் சொந்த ஆயுதங்களின் அருகே யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று விதி போட்டது.