ஒரு கோலில் நழுவிய ஜப்பான்!

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது, கோட்டுச்சேரி. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அது ஒரு கொம்யூன்.

அந்தக் காலத்தில் காரைக்கால் துறைமுகத்தில் கூலிக்கு ஆள் ஏற்றினார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பல்கள் போயின. எல்லாம் கரும்புத் தோட்ட வேலைக்குத்தான்!

வெள்ளைக்காரன் மட்டும் சும்மா இருப்பானா? அவனிடமும் கரும்புத் தீவுகள் இருந்தன. அவற்றில் ஒன்று, பசிபிக் கடலில் உள்ள பிஜி. 1879 முதல் 1916 வரை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது 1903-ல். அப்படிப் போன தென்னாட்டார் சுமார் 15 ஆயிரம் பேர். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

ஐந்து ஆண்டு ஒப்பந்தம். "அக்ரிமெண்ட்" என்ற சொல் கூலிகளின் வாயில் "கிர்மிட்" ஆயிற்று. பிஜியில் இன்றும் அந்தச் சொல் வழங்குகிறது.

அந்த நாட்டில் ஓர் ஊர். அதன் பெயர் "பா". ஆம், ஒரே எழுத்துதான்!

1886-ல் அங்கே சர்க்கரை ஆலை வந்தது. ஆலையைச் சுற்றிக் கரும்பு. கரும்பைச் சுற்றி நம்மவர்கள். உழைத்துக் களைத்த உடம்புக்கு ஒரு விளையாட்டு வேண்டாமா? கால்பந்தைப் பிடித்துக் கொண்டார்கள். பெரிய செலவு இல்லை. ஒரு பந்து இருந்தால் 22 பேர் ஆடலாம்.

1938-ல் பிஜி இந்தியர் கால்பந்து சங்கம் ஏற்பட்டது. தீவின் பூர்வ குடிகளுக்கோ ரக்பி என்றால் உயிர். ஆளுக்கொரு பந்து, ஆளுக்கொரு மைதானம் என்றே காலம் ஓடியது. 1961-ல் சங்கத்தின் பெயரிலிருந்து "இந்தியர்" என்ற சொல்லை எடுத்தார்கள். எல்லா இனத்தாரும் ஆடலாம் என்று கதவு திறந்தது.

அது நல்ல காரியம். 1987-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தியர்கள் பலர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று வெளியேறினார்கள். கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், கால்பந்தும் அவர்களோடு கப்பல் ஏறியிருக்கும்! பின்னாளில் பூர்வ குடி இளைஞர்கள் பந்தை உதைக்க, கரும்பு விவசாயிகளின் பேரப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பா ஊரின் மைதானத்துக்குக் கோவிந்த் பார்க் என்று பெயர். சின்ன மைதானம்தான். ஊர் அணிக்குக் கறுப்புச் சட்டை.

2007 ஏப்ரல் மாதம். ஓஷியானியா கண்டத்தின் கிளப் கோப்பைக்கு இறுதிப் போட்டி. எதிரி, நியூசிலாந்தின் வைட்டாகரே யுனைடெட். ஜெயித்தால் உலக கிளப் போட்டிக்கு ஜப்பான் போகலாம்!

இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் கோவிந்த் பார்க்கில். பா அணி 2-1 என்று ஜெயித்தது!

அடுத்த ஆட்டம் நியூசிலாந்தில். அங்கே 1-0 என்று வைட்டாகரே ஜெயித்தது.

கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு இரண்டு கோல். சமம்தானே? இல்லை! அப்போது ஒரு விதி இருந்தது. கோல் கணக்கு சமமானால், எதிரியின் மைதானத்தில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி. பா மைதானத்தில் வைட்டாகரே ஒரு கோல் போட்டிருந்தது. நியூசிலாந்தில் பா போட்டது பூஜ்யம்.

கோப்பை போயிற்று. டிசம்பரில் ஜப்பானுக்கு விமானம் ஏறியது வைட்டாகரே.

இந்த விதி நியாயமில்லை என்று பலரும் சொல்லி வந்தார்கள். 2021-ல் ஐரோப்பியக் கிளப் போட்டிகளிலிருந்து அதை எடுத்தே விட்டார்கள். பா ஊர்க்காரர்களுக்கு அது 14 ஆண்டு தாமதம்.