இடம் கிடைத்தது பிச்சையா?

பேசாலைக் கடற்கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினா விடுத்தார். "சேர், மகளுக்கு மெடிசினுக்கு இடம் கிடைச்சிட்டுது. ஆனால் கொழும்பிலை அவளைவிடக் கூடப் புள்ளி எடுத்த பிள்ளைக்கு இல்லையாம். அப்ப எங்களுக்குக் கிடைச்சது பிச்சையே?" மகிழ வேண்டிய தந்தையின் குரலில் நாணம் இருந்தது. அந்நாணம் வேண்டுவதன்று என்பதைக் காட்டவே இதனை எழுதுகின்றேன்.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் மாணவரை நேர்காணலில் வினவித் தெரிவு செய்கின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவர் எழுதும் கட்டுரையையும் ஆசிரியர் தரும் பரிந்துரையையும் நோக்குகின்றன. நம் நாட்டிலோ பெரும்பாலான துறைகளுக்கு உயர்தரப் பரீட்சை ஒன்றே வாயில். அதிலும் 2001 முதல் வெறும் புள்ளி பார்க்கப்படுவதில்லை. இசட் புள்ளியே பார்க்கப்படுகின்றது.

அஃது யாது? ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15 எனக் கொள்வோம். அதில் 70 பெற்றவர் சராசரியைவிட 30 மிகுதியாகப் பெற்றார். 30ஐ 15ஆல் வகுக்க, அவர் இசட் புள்ளி 2 ஆகும். விலகல் அதுவேயாக, சராசரி 55 ஆன வேறொரு பாடத்தில் அதே 70க்குக் கிடைப்பது 1 மட்டுமே. இவ்வாறு கடின பாடமும் எளிய பாடமும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

அதன்பின், பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படியும், 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மன்னார் அப்பதினாறில் ஒன்று.

இது பெருஞ்சலுகையா? கணக்கிட்டுப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம். நாட்டு மக்கள் இரண்டு கோடிக்கு மேல். ஆயிரம் இடங்கள் உள்ள துறையில் மாவட்டப் பங்கு 550. அதில் மன்னாருக்கு இரண்டு மூன்று இடங்களே! அவற்றுக்கும் நம் பிள்ளைகள் தம்முள் கடும் போட்டியிட்டே வெல்கின்றனர்.

எனினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், தமிழில் எழுதிய மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் இடம் இழந்து மனம் புண்பட்டனர். மன்னார் போன்ற பகுதிகளுக்கோ அதுவே கதவைத் திறந்தது. ஒருவர்க்கு ஏணியானது மற்றொருவர்க்குச் சுவரானதை நாம் மறத்தல் தகாது.

ஆதலின் ஒதுக்கீடு நோய்க்கு மருந்தேயன்றி நிலையான உணவன்று. முசலியிலும் மடுவிலும் மாந்தையிலும் உள்ள பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் குறைவின்றி அமையும் நாளில் அம்மருந்து தேவைப்படாது. அந்நாளை விரைவில் கொணர்வது பெற்றோர், ஆசிரியர், அரசு ஆகிய அனைவரின் கடன்.

அன்று அந்தத் தந்தைக்கு நான் கூறியது இதுதான்: "ஐயா, ஒதுக்கீடு வாசல் வரைதான். உள்ளே எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். அதில் உங்கள் மகள் சித்தியடைந்து வைத்தியராக வரும்போது, அவரிடம் வரும் நோயாளி அவர் எந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளியில் நுழைந்தார் என்று கேட்கமாட்டார்."

அவர் தலைநிமிர்ந்து சிரித்தார். மாணவச் செல்வங்களே, நீங்களும் நிமிர்ந்தே செல்லுங்கள். பெற்ற இடத்துக்குரிய உழைப்பை மட்டும் மறவாதீர்கள்.