அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கோல்ஃப் மட்டைகளைப் பழுது பார்ப்பதும் ஆளுக்கேற்றபடி திருத்திக் கொடுப்பதும் என் தொழில். சென்னையில் சிறிய பட்டறை. வருகிற ஒவ்வொரு பையிலும் 14 மட்டைகள் வரை இருக்கும். விதிப்படி அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அவற்றில் மூன்றோ நான்கோ வெட்ஜ். குழி இருக்கும் கிரீனுக்கு 100 கஜத்துக்குள் வந்துவிட்டாலோ, பந்து மணல்குழிக்குள் விழுந்துவிட்டாலோ ஆட்டக்காரர் கையில் எடுப்பது இதைத்தான்.

யார் வெட்ஜைக் கொடுத்தாலும் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். தரையில் உரசி உரசி எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்பதில் அவருடைய கைவாகு தெரிந்துவிடும். முன்விளிம்பை ஒட்டித் தேய்ந்திருந்தால் மேலிருந்து செங்குத்தாக இறக்குகிறவர். தேய்மானம் பின்பக்கம் தள்ளியிருந்தால் புல்லைப் பெருக்குவதுபோலத் தட்டையாக வீசுகிறவர். வெட்ஜ் வாங்குவதில் இதுதான் முதல் தகவல். ஆனால் கடையில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை டிகிரி?”

அடியில் 56-10 என்றோ 58-08 என்றோ பொறித்திருப்பார்கள். முதல் எண் லாஃப்ட்: மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்ற கணக்கு. டிகிரி கூடக்கூடப் பந்து உயரமாக எழும்பி, குறைந்த தூரத்தில் விழும். இரண்டாவது எண் பவுன்ஸ். வெட்ஜை நிமிர்த்தித் தரையில் வைத்துப் பாருங்கள். முன்விளிம்பு சற்றே தூக்கி நிற்கும். அடிவயிறு தரையில் படியும். அந்தச் சரிவின் கோணம்தான் பவுன்ஸ். குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் மூழ்காமல் தத்திப் போகிறதல்லவா, அந்த வேலையைத்தான் பவுன்ஸ் மண்ணில் செய்கிறது. அது இல்லாத வெட்ஜ் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

1930களுக்கு முன் ஆடியவர்கள் பட்ட பாடு அதுதான். அன்றைக்கு மணலில் பயன்பட்ட நிப்ளிக் என்ற மட்டைக்கு விளிம்பு மெலிவு. மணலில் குத்திக்கொண்டு நின்றுவிடும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் ஃப்ளோரிடாவில் உட்கார்ந்து, நிப்ளிக்கின் அடிப்பின்பக்கம் ஈயப்பற்று வைத்து, முன்விளிம்பைவிடப் பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி அரத்தால் ராவி ராவிச் சரிசெய்தார். அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸின் விமானத்தில் பறந்தபோது, அது தரையை விட்டு எழும் விதத்தைக் கவனித்ததில் பிறந்த யோசனை என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்கு, இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் உள்ள பிரின்ஸஸ் களத்துக்கு அதைக் கொண்டு போனார். போட்டிக்கு முன் யார் கண்ணிலாவது பட்டுத் தடை செய்துவிடுவார்களோ என்று பையில் தலைகீழாகச் செருகி மறைத்தார். அந்தப் போட்டியை 283 அடிகளில் வென்றார். என் மாதிரி அரமும் பற்றவைப்பும் தெரிந்த ஒரு மனிதர் இந்த ஆட்டத்தையே மாற்றினார் என்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

மணலில் பந்தை நேரடியாக அடிப்பதில்லை என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே மட்டை மணலுக்குள் இறங்கி, அடியில் வழுக்கி, மறுபக்கம் வெளியேற வேண்டும். மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். அப்படி வழுக்கவைப்பது பவுன்ஸ். காய்ந்து பொலபொலவென்று கிடக்கும் மணலுக்கு 12 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புல்தரை ஊறிக் கிடக்கும். அப்போது பவுன்ஸ் குறைந்த வெட்ஜ் சேற்றில் புதையும். மே மாதம் அதே தரை கட்டாந்தரை. அங்கே பவுன்ஸ் கூடிய வெட்ஜை வைத்தால் அடிவயிறு தரையில் பட்டு எகிறி, முன்விளிம்பு பந்தின் நடுவில் இடிக்கும்; பந்து கிரீனைத் தாண்டி ஓடும். மணலோ நேர்மாறு. மழை பெய்தால் மணல் இறுகிக் கெட்டியாகிவிடும், அதற்குப் பவுன்ஸ் குறைவாக வேண்டும். வெயிலில் உதிரும், கூடுதலாக வேண்டும். ஆக ஒரே நாளில், புல்லுக்கு ஒன்றும் மணலுக்கு வேறொன்றும் தேவைப்படலாம். அதனால்தான் வாங்கும் வெட்ஜ் எல்லாவற்றிலும் ஒரே பவுன்ஸ் இருக்கக் கூடாது என்று அடித்துச் சொல்கிறேன். 56-இல் 12, 58-இல் 8 என்று பிரித்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று கைகொடுக்கும். வெப்பநாட்டுக் களங்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடா புல், அதாவது நம் அருகம்புல். நார் மாதிரிக் கெட்டியான புல். அது நம்மை நோக்கிப் படுத்திருக்கும் இடத்தில் கூர்விளிம்பு சிக்கிக்கொள்ளும். அங்கேயும் பவுன்ஸ் கொஞ்சம் இருப்பதே மேல்.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மழைக்காலத்தில் வந்தார். கையில் பளபளக்கும் 60-04. கூடவே, களத்தில் அவருடைய மட்டைப் பையைச் சுமந்து வரும் கேடி.

“ஐயா, இதை எதைப் பார்த்து வாங்கினீங்க?”

“டிவியில பெரிய ஆட்டக்காரன் ஒருத்தன் வெச்சிருந்தான் தம்பி.”

கேடிப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அண்ணே, சார் ஓங்கி இறக்குவாரு. தரை ஈரமா இருந்தா மண்ணு பேந்து வருது, பந்து அங்கயே நிக்குது.”

நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். செங்குத்தாக இறக்குகிற கைக்கு 4 டிகிரி பவுன்ஸ் ஆகவே ஆகாது; 10, 12 வேண்டும். தட்டையாக வீசுகிறவருக்குத்தான் குறைந்த பவுன்ஸ். தரை தெரியவேண்டுமென்றால் கேடிகளைக் கேளுங்கள். எந்தக் கிரீனுக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கும், எந்த மணல்குழியில் மணல் ஆழம் குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

லாஃப்ட் கணக்கு இதைவிட எளிது. உங்கள் செட்டோடு வந்த பிட்சிங் வெட்ஜ், அதாவது வெட்ஜ்களிலேயே லாஃப்ட் மிகக் குறைந்தது, எத்தனை டிகிரி என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். முன்பு 48, 50 என்று இருந்தது, தூரம் கூடுதலாகப் போக வேண்டும் என்பதற்காக இப்போது 43, 44 வரை இறக்கிவிட்டார்கள். அதற்கு அடுத்து நேராக 56 வைத்திருந்தால் இடையில் 12 டிகிரி பள்ளம். அந்தத் தூரத்துக்கு அடிக்க மட்டையே இல்லை. 44, 50, 56 என்று போகலாம். 46, 50, 54, 58 என்றும் போகலாம். நாலு முதல் ஆறு டிகிரி இடைவெளி சரி. 60 டிகிரியை வாரம் ஒரு நாள் ஆடுகிறவர்கள் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அத்தனை மல்லாந்த முகம் பந்துக்கு அடியிலேயே நழுவிப் போய்விடும். அதைப் பழக நேரம் வேண்டும்.

இன்னொன்றையும் பட்டறைக்காரனாகச் சொல்லவேண்டும். “56-ஐ 54-ஆக வளைத்துக் கொடு” என்று கேட்பார்கள். எந்திரத்தில் பிடித்து வளைக்கலாம். ஆனால் லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும். 10 இருந்தது 8 ஆகிவிடும். கூட்டினால் அதுவும் கூடும். மலிவாகக் கிடைக்கும் பழைய வெட்ஜை வாங்கும்போது, முன்பு வைத்திருந்தவர் வளைத்திருக்கிறாரா என்று அளந்து பார்க்காமல் அடியில் பொறித்த எண்ணை நம்பாதீர்கள். முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் மழுங்கியிருந்தாலும் விட்டுவிடுங்கள். பந்து சுழலாது, கிரீனில் நிற்காது.

புதிய வெட்ஜ் வாங்கப் போகும்போது பழையதையும் எடுத்துச் செல்லுங்கள். கழுவித் துடைத்துப் பளபளப்பாக்காமல், மண்ணும் கீறலுமாக அப்படியே. முடிந்தால் நீங்கள் வழக்கமாக ஆடும் தரையிலேயே, கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, 8 பவுன்ஸிலும் 12 பவுன்ஸிலும் மாற்றி மாற்றிச் சில அடிகள் அடித்துப் பாருங்கள். பெயர்ந்து வரும் புல்துண்டு தடியாக இருந்தால் 12-ஐயும், தரையில் லேசான கீறல் மட்டும் விழுந்தால் 8-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள்.