பாய்ச்சும் நீரும் மண்ணில் படியும் நஞ்சும்

மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, காரைதீவு ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் வட்டைகள் கல்லோயாத் திட்டத்தின் கடைக்கோடியைச் சேர்ந்தவை. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தை அமைக்கும் பணி 1949இல் தொடங்கிற்று. அந்நீர் எத்தனையோ வயல்களைக் கடந்தே கடற்கரையை அண்மிக்கின்றது. கடைக்கோடிக்கு நீர் குறைவு என்பது உழவர் யாவரும் அறிந்த குறை. மேல்வயல்களின் வடிநீரும் உடன் கலந்து வருகின்றது என்பதோ அத்துணை எண்ணப்படாத செய்தி.

நீர் சுமந்து வருவனவற்றுட் பார உலோகங்கள் தனியே நோக்கத்தக்கன. பூச்சிகொல்லிகளுட் பல நாளடைவிற் சிதைவன, உலோகமோ சிதைவதில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மண்ணிற் சேரும். அடிப்பசளையாக இடும் முச்சுப்பர் பொசுபேற்றிலும், அதன் மூலப்பாறைக்கு ஏற்பக் கதமியம் கூடியோ குறைந்தோ இருக்கும்.

இவ்வுண்மையை உலகு கற்றது யப்பானில். கமியோக்காச் சுரங்கத்தின் கழிவு யின்சு ஆற்றிற் கலந்தது. அவ்வாற்று நீரைப் பாய்ச்சிய தொயாமா வயல்களின் நெல்லிற் கதமியம் ஏறியது. அச்சோற்றை உண்டவர்களின், சிறப்பாகப் பெண்களின், என்புகள் நொறுங்கின. நோவு தாங்காது அவர்கள் எழுப்பிய ஓலமே 'இத்தாய் இத்தாய்' என நோய்க்குப் பெயராயிற்று. கதமியமே காரணம் என யப்பானிய அரசு ஏற்றது 1968இல். கெட்ட மண்ணைச் சீர்செய்யும் பணி முடிவுற்றதோ 2012இல்!

வங்காளதேசத்தின் கதை வேறு. அங்கே ஆறன்று, குழாய்க்கிணறே நஞ்சைக் கொணர்ந்தது. கோடைப் போகத்துக்கு இறைத்த நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆசனிக்கு இருந்தது. நீர் வயலுட் புகும் வாயருகே அது மிகுதியாகவும், அப்பாற் செல்லச் செல்லக் குறைவாகவும் படிந்தது. மாரி வெள்ளம் அதில் ஒரு பகுதியைக் கழுவிச் செல்கின்றது. வெள்ளத்தை வெறுக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

நீர் எங்கிருந்து வருகின்றது என்பதோடு வினா முடிந்துவிடாது. வயலில் அது எத்தனை நாள் நிற்கின்றது என்பதும் அதே அளவு முக்கியமானது. நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போகின்றது. அப்போது இரும்பின் ஒட்சைட்டுகள் கரைய, அவற்றிற் பற்றியிருந்த ஆசனிக்கு விடுபட்டு வேரை அடைகின்றது. நெல் சிலிக்கனை உள்வாங்கும் வழியே அதற்கும் வழியாகிவிடுகின்றது. கதமியமோ அதே சேற்றிற் கந்தகத்தோடு கூடி, கரையாத சல்பைட்டாக அடங்கிக் கிடக்கும். வயல் காய்ந்து காற்றுப் புகுந்தால் இரண்டும் தலைகீழாகும்: ஆசனிக்கு இரும்போடு மீண்டும் ஒட்டிக்கொள்ள, கதமியம் கரைந்து வெளிப்படும். ஒரு நஞ்சுக்கு அடைத்த கதவு மற்றதற்குத் திறந்த கதவாகின்றது.

இன்று நீரைச் சிக்கனப்படுத்த 'மாறி மாறி நனைத்தலும் காயவிடலும்' என்னும் முறை பரிந்துரைக்கப்படுகின்றது. துளையிட்ட குழாயொன்றை வயலில் நட்டு, நீர்மட்டம் நிலத்தின்கீழ் 15 சென்ரிமீற்றர் இறங்கிய பின்னரே மறுபடியும் பாய்ச்சுவர். நீர் மிஞ்சும், அரிசியில் ஆசனிக்கும் குறையும். ஆயினும் கதமியம் உள்ள மண்ணில், அதுவும் புளிப்பு மண்ணாயின், இது கேடாக முடியலாம். ஆகவே எம்மண்ணில் எது மிகுதி என்பதைச் சோதித்தறியாது, நீர் மிச்சம் ஒன்றையே கருதி இம்முறையைப் புகுத்துதல் தகாது என்பதே என் கருத்து.

கதமியம் படிந்த யப்பானிய வயல்களில், கதிர் வெளிவருமுன் ஏறத்தாழ மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் நீரை வற்றவிடாது காக்கின்றனர். மணியில் நஞ்சு ஏறும் பருவம் அதுவே. காயவிடும் முறையை வகுத்தோரும் பூக்கும் நாள்களில் நீரை நிறுத்தி வைக்கவே சொல்கின்றனர். நம் கடைக்கோடி வயல்களுக்குச் சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் எட்டாது போகும் நாள்களும் பெரும்பாலும் கதிர் தள்ளும் நாள்களே. வட்டைவிதானை நீர்முறை வகுக்கையில், விளைச்சலை மட்டுமன்றி இதனையும் கணக்கிற் கொள்ள இடமுண்டு.